காதுக்கும் ஒரு தராசு: ஹெட்போன் ஆம்பிளிஃபையர், கன்வர்ட்டர்களை ஒப்பிடும் முறை



மன்னார்குடிப் பக்கத்து வணிகர்களுக்கு நெல் சாம்பிள் பார்ப்பது புதிதல்ல. இரண்டு களத்து நெல்லை ஒப்பிட வேண்டுமானால் முதலில் ஈரப்பதம் பார்க்கிறோம். அரசு கொள்முதலில் 17 சதவீதம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். மழை பிடித்துக்கொண்ட பருவங்களில் மத்திய அரசின் அனுமதி பெற்று அதைத் தளர்த்தியதும் உண்டு. ஈரமுள்ள நெல் எடை கூடுதலாகக் காட்டும். அந்த எடையைப் பார்த்து 'இதுதான் நல்ல நெல்' என்று விலை பேசினால் காசு தண்ணீருக்குப் போய்விடும்.

செல்போன் உதிரிச் சாமான்களும் ஆடியோ சாமான்களும் விற்கும் நம் உறுப்பினர்களுக்கு இதே சங்கடம் இப்போது வேறு உருவத்தில் வந்திருக்கிறது. கையடக்க ஹெட்போன் ஆம்பிளிஃபையர், கன்வர்ட்டர் என்று சில நூறு ரூபாயிலிருந்து பல ஆயிரம் ரூபாய் வரை சரக்கு வருகிறது. 'எது நன்றாகப் பாடும்?' என்று வாடிக்கையாளர் கேட்கிறார். நாமும் இரண்டை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டுகிறோம். அந்த ஒப்பீட்டில் நெல்லின் ஈரத்தைப் போல ஏமாற்றக் கூடியது ஒன்று இருக்கிறது. அது என்ன, அதை எப்படிக் கழித்துவிட்டு நிறுப்பது என்பதே இந்தப் பாடம்.

1. பொருள் இன்னதென்று அறிதல்

ஆம்பிளிஃபையர் என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருவது கல்யாணப் பந்தலில் மைக்செட்காரர் வைத்திருக்கும் அகூஜா பெட்டி. மெலிந்த மின் ஓசையை வாங்கி, ஒலிபெருக்கியை ஆட்டும் அளவுக்கு வலுவூட்டிக் கொடுப்பது அதன் வேலை. ஹெட்போன் ஆம்பிளிஃபையர் செய்வதும் அதே வேலைதான். அங்கே பல வாட், இங்கே சில மில்லிவாட்.

கன்வர்ட்டர் என்பது இன்னொன்று. கேசட் காலத்தில் பாட்டு நாடாவில் காந்த அலையாகவே இருந்தது. 1982-இல் காம்பாக்ட் டிஸ்க் வந்தபோது பாட்டு எண்களாக மாறியது. ஒரு வினாடி ஓசையை 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாக எழுதி வைக்கிறார்கள். செல்போனில் இருக்கும் பாட்டும் எண்தான். எண்ணை நேராகக் காதில் கேட்க முடியாது. அதை மறுபடி மின் அலையாக மாற்றுவது கன்வர்ட்டர். இதை 'டி.ஏ.சி.' என்றும் 'டாக்' என்றும் பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள்.

3.5 எம்.எம். ஜாக் உள்ள செல்போனில் கன்வர்ட்டரும் ஆம்பிளிஃபையரும் உள்ளேயே இருக்கின்றன. 2016 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 7-இல் அந்த ஜாக்கை எடுத்துவிட்டது. கூகுள் 2017-இல் பிக்சல் 2-லும், சாம்சங் 2019-இல் நோட் 10-லும் எடுத்தன. விலை குறைந்த போன்கள் பலவற்றில் இன்றும் ஜாக் உண்டு. விலை கூடிய போன்களில் போய்விட்டது. போனுக்குள் இருந்த அந்தச் சரக்கு வெளியே வந்து நம் கவுண்டரில் தொங்கும் விரல் நீள டாங்கிளுக்குள் குடியேறியது. ஆகவே கன்வர்ட்டர் உள்ள சின்ன டாங்கிளும் ஓர் ஆம்பிளிஃபையர்தான் என்பதை முதலில் மனதில் கொள்ள வேண்டும்.

அதற்கு மேலே ஒரு படி, பென் டிரைவ் வடிவில் வருபவை. அமெரிக்காவின் ஆடியோகுவெஸ்ட் நிறுவனம் 2012-இல் கொண்டுவந்த டிராகன்ஃபிளை அந்த வகைக்கு வழிகாட்டி. அதற்கும் மேலே, சொந்த பேட்டரியோடு சட்டைப் பையில் வைக்கும் வகை. இங்கிலாந்தின் கார்ட் நிறுவனம் 2015-இல் வெளியிட்ட மோஜோ இதில் பெயர் பெற்றது. 2007-இல் தொடங்கிய சீனத்து ஃபியோ நிறுவனம் எல்லாப் படியிலும் சரக்கு வைத்திருக்கிறது. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டைப் பக்கத்தில் வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் விடுமுறைக்கு வருபவர்கள் இவற்றில் ஒன்றைக் கையோடு கொண்டுவந்து, 'இதைவிட நல்லது உங்களிடம் இருக்கிறதா?' என்று கேட்பது உண்டு. பதில் சொல்ல நமக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டும்.

2. முதல் தகராறு: உள்ளே ஒன்றும் இல்லாத வயர்

ஒலித்தரம் பேசுமுன் இதைத் தீர்க்க வேண்டும். டைப்-சி முனையும் 3.5 எம்.எம். துளையும் உள்ள வயர்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்றில் கன்வர்ட்டர் சில்லு இருக்கும். மற்றதில் வெறும் கம்பி இணைப்புதான். வெறும் கம்பி வயர், டைப்-சி துளை வழியாகவே மின் ஓசையை அனுப்பும் சில போன்களில் மட்டும் பாடும். பிக்சல், ஜாக் இல்லாத சாம்சங் போன்களில் பாடாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ரிச்சி தெருவிலிருந்து வரும் பார்சலில் இரண்டும் கலந்தே வரும்.

வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்ச் செருகிப் பார்த்துவிட்டு, 'சரக்கு பழுது' என்று திரும்பி வருவார். சரக்கில் பழுதில்லை, பொருத்தமில்லை. ஆனால் கெட்ட பெயர் கடைக்கு. ஆகவே கொள்முதல் செய்யும்போதே 'டி.ஏ.சி. உள்ளதா?' என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். இரண்டையும் தனித்தனி டப்பாவில் வையுங்கள். விற்கும்போது வாடிக்கையாளரின் போனிலேயே செருகிப் பாடவைத்துக் கொடுங்கள்.

இன்னொன்று. ஆப்பிள் நிறுவனத்தின் டைப்-சி டாங்கிளை ஆண்ட்ராய்டு போனில் போட்டால் பல மாடல்களில் ஓசை முழு அளவுக்கு எழும்பாது. அதுவுமன்றி, அந்த டாங்கிளில் அமெரிக்க விற்பனைக்கு வருவது உச்சத்தில் ஏறத்தாழ 1 வோல்ட் தரும். ஐரோப்பிய விற்பனைக்கு வருவது ஏறத்தாழ அரை வோல்ட்தான். உறவினர் எந்த நாட்டிலிருந்து வாங்கி வந்தார் என்பதைப் பொறுத்து, ஒரே பெயருள்ள சரக்கு இரண்டு விதமாகப் பாடும். இதை அறியாதவர் ஒன்றை 'ஒரிஜினல்' என்றும் மற்றதை 'டூப்ளிகேட்' என்றும் சொல்லிவிடுவார்.

3. ஓசையின் ஈரம்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது எது சற்று உரக்கப் பாடுகிறதோ அதுவே 'நன்றாக' இருப்பதாக மனிதக் காது சொல்லும். நெல்லுக்கு ஈரம் போல ஓசைக்கு வால்யூம்.

இதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-இல் வெளியிட்ட ஆய்வு, காது எல்லாச் சுருதிக்கும் ஒரே அளவாக இயங்குவதில்லை என்று காட்டியது. மெதுவாகப் பாடும்போது தாழ்ந்த சுருதிகள் அதிகம் மங்குகின்றன. வால்யூம் ஏற ஏற அவை எழும்பி வருகின்றன. ஆகவே ஒரு கருவி ஒரு டெசிபல் அளவு கூடுதலாகப் பாடினால், கேட்பவர் 'சத்தம் அதிகம்' என்று சொல்லமாட்டார். 'பேஸ் கனமாக இருக்கிறது, குரல் முன்னால் வருகிறது, தெளிவாக இருக்கிறது' என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் கேட்கிறது.

ஒரு டெசிபல் என்பது வோல்டேஜில் 12 சதவீத வித்தியாசம். ஒரு டாங்கிளுக்கும் இன்னொரு டாங்கிளுக்கும் போனில் ஒரே வால்யூம் கோடு வைத்தாலும் இந்த வித்தியாசம் சாதாரணமாக வரும். முன் சொன்ன 1 வோல்ட், அரை வோல்ட் டாங்கிள்களுக்கு இடையே 6 டெசிபல் வித்தியாசம். விலை கூடிய ஆம்பிளிஃபையர்கள் பெரும்பாலும் வலுக்கூடியவை. 'கெயின்' என்று ஒரு சுவிட்சும் இருக்கும். அதை 'ஹை'யில் வைத்துக் காட்டினால் எந்த வாடிக்கையாளரும் விலை கூடியதையே தேர்ந்தெடுப்பார். விற்பனைப் பிரதிநிதி நம் கடைக்கு வந்து மாதிரி காட்டும்போது நமக்கும் இதுவே நடக்கிறது. எட்டாயிரம் ரூபாய்ச் சரக்கை வாங்கி அடுக்கிய பிறகுதான், அது எண்ணூறு ரூபாய்ச் சரக்கிலிருந்து எந்த வகையில் வேறு என்று வாடிக்கையாளர் கேட்கிறார்.

4. ஒப்பிடும் முறை

ஒலிக்கூடம் எதுவும் தேவையில்லை. ஒரு மல்டிமீட்டர், ஒரு ஒய் ஜாக், ஒரு துண்டு அட்டை, கடையில் கூட்டமில்லாத அரை மணி நேரம் போதும்.

முதல் படி, மீட்டர். ஏ.சி.யில் 2 வோல்ட் அல்லது அதற்கும் குறைந்த ரேஞ்ச் உள்ள மீட்டராக இருக்க வேண்டும். மிக மலிவான மீட்டர்களில் ஏ.சி. ரேஞ்ச் 200 வோல்ட்டில்தான் தொடங்கும். அது உதவாது.

இரண்டாம் படி, வயர். பழைய இயர்போன் வயர் ஒன்றை வெட்டி, ஒரு பக்கத்துக் கம்பியையும் பொதுக் கம்பியையும் சுரண்டி வெளியே எடுங்கள். ஒய் ஜாக்கின் ஒரு துளையில் சோதிக்கும் ஹெட்போன், மற்றதில் இந்த வயர். ஹெட்போன் மாட்டியிருக்கும்போதே அளக்க வேண்டும் என்பது முக்கியம். சுமை இல்லாத தராசு முள் எதையும் சொல்லாது.

மூன்றாம் படி, சம ஓசை. 300 ஹெர்ட்ஸ் அளவில் ஒரே சீராக ஒலிக்கும் சோதனை ஓசையைப் போனில் ஓடவிட்டு முதல் கருவியில் மீட்டரைப் பாருங்கள். 300 மில்லிவோல்ட் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் கருவியையும் 297-க்கும் 303-க்கும் நடுவே கொண்டுவாருங்கள். அது ஒரு சதவீதம், ஏறத்தாழ 0.1 டெசிபல். போனின் வால்யூம் படிகள் பெரிதாக இருந்தால் நுண்ணிய வால்யூம் உள்ள பாட்டு ஆப் ஒன்றைப் பயன்படுத்தலாம். மீட்டரை எடுத்துவிட்டபின் வால்யூமைத் தொடவே கூடாது.

நான்காம் படி, கண்ணை மறைத்தல். ஒரே மாடல் போன் இரண்டில் ஒரே பாட்டுக் கோப்பு. ஒவ்வொன்றிலும் ஒரு கருவி. நடுவே அட்டைத் தடுப்பு. கேட்பவர் ஒரு பக்கம், மாற்றிக் கொடுப்பவர் மறுபக்கம். முதலில் இரண்டையும் பெயர் சொல்லிப் போட்டுக் காட்டிக் கேட்பவருக்குப் பழக்கிவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு முறையும் நாணயம் சுண்டி, தலை விழுந்தால் முதல் கருவி, பூ விழுந்தால் இரண்டாவது. அதே கருவி மறுபடி வந்தாலும் ஜாக்கைக் கழற்றி மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஓசையிலிருந்து கண்டுபிடித்துவிடுவார். பத்துப் பதினைந்து வினாடித் துண்டு போதும். காதின் நினைவு நீடிக்காது.

ஐந்தாம் படி, கணக்கு. பத்து முறை கேட்டு 'இது எது?' என்று சொல்லச் சொல்லுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலே ஐந்து சரியாக வரும். ஒன்பது அல்லது பத்து சரியாக வந்தால்தான் வித்தியாசம் கேட்கிறது என்று கொள்ளலாம். ஏனென்றால் குத்துமதிப்பாகச் சொல்லி ஒன்பதுக்கு மேல் வாங்க 1,024-க்கு 11 வாய்ப்புதான். ஆறு, ஏழு வந்தால் முடிவு சொல்லாதீர்கள். இன்னொரு நாள் மறுபடி செய்யுங்கள்.

பாட்டும் தெரிந்து எடுக்க வேண்டும். நாகசுர வித்வான் சின்னப் பக்கிரியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஊர் நமது. நம் காதுக்குப் பழகிய ஓசை இருக்கும்போது வெளிநாட்டுச் சோதனைப் பாட்டுக்குப் போவானேன்? தவிலின் வலந்தலையில் கூடு மாட்டிய விரல் விழும் அடி, தொப்பியில் கழி விழும் அடி இரண்டும் பிரிந்து கேட்கிறதா பாருங்கள். தம்பூரா நாதம் தேய்ந்து மறையும் இடத்தில் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் தலைகாட்டுகிறதா பாருங்கள். கனத்த பேஸ் உள்ள சினிமாப் பாட்டு ஒன்றும் வேண்டும். நல்ல ஒலிப்பதிவாக இருக்கட்டும். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டிலிருந்து எடுத்த கோப்பு, ரசிப்பதற்கு இணையற்றது. சோதனைக்கு ஆகாது. தட்டின் இரைச்சல் பதிவிலேயே இருக்கிறது. எந்தக் கன்வர்ட்டரும் பதிவில் இல்லாததைக் கொண்டுவந்து சேர்க்காது.

5. பிறர் செய்து பார்த்தது

இப்படிச் சமப்படுத்தி, மறைத்துக் கேட்பது நம் கண்டுபிடிப்பல்ல. உலகில் பலர் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மேயர், மோரன் என்ற இருவர் நடத்தி 2007-இல் வெளியிட்ட சோதனை பெயர் பெற்றது. உயர்தர டிஸ்க் ஓசையை நேராகவும், சாதாரண சி.டி. தரத்துக்கு இறக்கியும் மாற்றி மாற்றிக் கேட்க வைத்தார்கள். 554 முறை கேட்டதில் 276 முறைதான் சரியான விடை. அதாவது நாணயம் சுண்டியதற்குச் சமம். 2016-இல் லண்டன் பேராசிரியர் ஜோஷுவா ரீஸ் இத்தகைய 18 சோதனைகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, சி.டி.யைவிட உயர்ந்த தரத்தைப் பிரித்தறியும் திறன் சிறிதளவு இருக்கிறது, பயிற்சி பெற்றவர்களுக்குச் சற்று அதிகம் என்று கண்டார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வணிகருக்குப் பாடம் ஒன்றுதான். கன்வர்ட்டரின் எண் தரத்தால் வரும் வித்தியாசம், இருந்தாலும், மிகச் சிறியது.

காரணம் எளிது. 16 பிட் எண்ணே 98 டெசிபல் இடைவெளியைத் தாங்கும். கடையிலும் வீட்டிலும் மின்விசிறி ஓசையே அதில் கீழ்ப் பகுதியை விழுங்கிவிடும். இன்று பெயருள்ள நிறுவனங்களின் சில்லுகள் அதைவிட நல்ல அளவையே காட்டுகின்றன. அமெரிக்காவின் சிர்ரஸ் லாஜிக், இ.எஸ்.எஸ்., ஜப்பானின் ஏ.கே.எம். ஆகியவை இந்தச் சில்லுகளுக்குப் பெயர் போனவை. 2020 அக்டோபரில் ஜப்பானில் நொபெயோகா நகரத்து ஏ.கே.எம். தொழிற்சாலையில் பெருந்தீ ஏற்பட்டுச் சில்லு வரத்து நின்றது. கருவி செய்வோர் பலர் வேறு நிறுவனச் சில்லுக்கு மாறி வியாபாரத்தைத் தொடர்ந்தார்கள். சில்லின் பெயர் ஒன்றுக்காகவே கூடுதல் விலை கேட்கும்போது இதை நினைவில் வைக்கலாம்.

6. வித்தியாசம் உண்மையில் எங்கே?

அப்படியானால் விலை கூடிய கருவி எதுவுமே வேண்டாமா? அப்படியில்லை. நான்கு இடங்களில் உண்மையான வித்தியாசம் உண்டு.

முதலாவது வலு. 32 ஓஹ்ம் இயர்போன், ஒரு மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் தருவது என்று கொள்வோம். பாட்டின் உச்ச அடிக்கு 110 டெசிபல் வேண்டுமானால் 10 மில்லிவாட் தேவை. அதற்கு 0.57 வோல்ட் போதும். 1 வோல்ட் டாங்கிளே தாராளம். இதையே 300 ஓஹ்ம் ஹெட்போன், மில்லிவாட்டுக்கு 97 டெசிபல் என்று கொண்டால், 110 டெசிபலுக்கு 20 மில்லிவாட், அதாவது 2.45 வோல்ட் தேவை. 1 வோல்ட் டாங்கிள் அதற்கு 3.3 மில்லிவாட்தான் தரும். 102 டெசிபலோடு நின்றுவிடும். இந்த வாடிக்கையாளருக்கு ஆம்பிளிஃபையர் தேவை. முதலாமவருக்குத் தேவையில்லை. ஹெட்போன் பெட்டியில் ஓஹ்ம், டெசிபல் இரண்டையும் படித்தாலே யாருக்கு எது என்று நாம் சொல்லிவிடலாம்.

இரண்டாவது, கருவியின் வெளியீட்டுத் தடை. இதுவும் ஓஹ்மில்தான் சொல்லப்படும். சில இயர்போன்களின் தடை சுருதிக்குச் சுருதி மாறும். ஓரிடத்தில் 32 ஓஹ்ம், இன்னோரிடத்தில் 8 ஓஹ்ம் உள்ள இயர்போனை 1 ஓஹ்ம் கருவியில் போட்டால் இரண்டுக்கும் இடையே முக்கால் டெசிபல்தான் மாறும். 10 ஓஹ்ம் கருவியில் போட்டால் 4.7 டெசிபல் மாறிவிடும். பாட்டின் நிறமே மாறும். இந்த வித்தியாசம் மறைத்து வைத்துச் சோதித்தாலும் கேட்கும். கருவியின் தடை, ஹெட்போன் தடையில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என்று கொள்வார்கள்.

மூன்றாவது இரைச்சல். காதுக்குள் செருகும் நுண்ணிய இயர்போன்களில், பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டால் 'ஸ்ஸ்' ஓசை சில கருவிகளில் வரும். வலு கூடிய ஆம்பிளிஃபையரில் இது அதிகமாக இருப்பதும் உண்டு. ஆகவே விலை கூடியது எல்லா இடத்திலும் நல்லது என்று சொல்ல முடியாது.

நான்காவது புழக்கம். மைக் வேலை செய்யுமா? பாட்டுக்கென்றே செய்த ஆம்பிளிஃபையர்கள் பலவற்றில் போனில் பேச மைக் இணைப்பு கிடையாது. போன் பேட்டரியை எவ்வளவு குடிக்கிறது? வயர் கழுத்து முறியுமா? திரும்பி வரும் சரக்கைக் கேட்டால் அது ஓசையைவிட இவற்றைப் பற்றித்தான் அதிகம் பேசும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தியாசம் ஹெட்போனில் இருக்கிறது. ஒரு ஹெட்போனுக்கும் இன்னொன்றுக்கும் சில சுருதிகளில் பத்து டெசிபல்கூட மாறும். நல்ல கன்வர்ட்டர்கள் இரண்டுக்கு இடையே அந்த மாற்றம் ஒரு டெசிபலில் சிறு பின்னம். 'கையில் மூவாயிரம் இருக்கிறது, ஓசை நன்றாக வேண்டும்' என்று வருபவரிடம் முதலில் ஹெட்போனைக் காட்டுவதே நியாயம். புளூடூத் இயர்போன் வைத்திருப்பவருக்குக் கன்வர்ட்டரை விற்கவே கூடாது. அதற்குள்ளேயே கன்வர்ட்டரும் ஆம்பிளிஃபையரும் இருக்கின்றன. போனில் செருகிய டாங்கிள் அந்த வழியில் குறுக்கிடுவதே இல்லை.

7. பெட்டியில் படிக்க வேண்டியது

'32 பிட், 768 கிலோஹெர்ட்ஸ்' என்று அச்சிட்டிருக்கும். அது கருவி வாங்கிக்கொள்ளக் கூடிய எண்ணின் உச்ச அளவு. அந்த அளவில் பாட்டு கிடைக்க வேண்டுமே! 'ஹை-ரெஸ் ஆடியோ' முத்திரை ஜப்பான் ஆடியோ சங்கத்தினுடையது. 40 கிலோஹெர்ட்ஸ் வரை தரக்கூடிய கருவி என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. இளம் காதே 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது. அறுபதைத் தாண்டிய நமக்கு அதில் பாதியைச் சற்றுத் தாண்டினாலே பெரிது. '600 மில்லிவாட்' என்றால் எத்தனை ஓஹ்மில் என்று பாருங்கள். 32 ஓஹ்மில் சொன்ன வலு 300 ஓஹ்மில் அப்படியே கிடைக்காது.

கூடவே அதிகபட்ச விற்பனை விலை, இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டுத் தயாரிப்பு என்பவை அச்சிடப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். எடை அளவைச் சட்டத்தின் பொட்டலப் பொருள் விதிகள் இவற்றைக் கேட்கின்றன. சோதனைக்கு அதிகாரி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர்தான்.

8. காதும் சட்டமும்

ஆம்பிளிஃபையர் விற்பவர் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல், இதுதான் பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. குழந்தைகளுக்கு 75 டெசிபல். ஓசை 3 டெசிபல் ஏறினால் கேட்கும் நேரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். வலுக்கூடிய கருவியைச் சின்ன இயர்போனில் மாட்டி முழு வால்யூம் வைத்தால் காதின் நரம்பு கெடும், திரும்ப வராது. மாணவருக்கு விற்கும்போது கெயின் சுவிட்சை 'லோ'வில் வைத்துக் கொடுத்து, கூட வந்த பெற்றோரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. அதன்படி பில் தராமல் இருப்பது முறையற்ற வணிகம். பழுதுள்ள சரக்கை பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. உற்பத்தியாளர் சொல்லாத உறுதிமொழியை விற்பவர் தாமாகக் கொடுத்து, சரக்கு அதற்கு ஒத்துவராமல் தீங்கு நேர்ந்தால் பொறுப்பும் விற்றவருக்கே. 'இதை மாட்டினால் ஓசை இரண்டு மடங்கு தெளியும்' என்று வாய்க்கு வந்ததைச் சொல்லாமல் இருப்பது சட்டப்படியும் நல்லது.

9. சரக்கு வைக்கும் விதம்

மேலே கண்டவற்றைக் கொண்டு கொள்முதலுக்குச் சில யோசனைகள்:

கன்வர்ட்டர் உள்ள டைப்-சி டாங்கிளை டஜன் கணக்கில் வைக்கலாம். அன்றாடம் நகரும் சரக்கு அது.

ஐபோனின் பழைய லைட்னிங் முனை டாங்கிளை மொத்தமாக வாங்கிப் போடாதீர்கள். ஆப்பிள் 2023-இல் ஐபோன் 15-இலிருந்து டைப்-சிக்கு மாறிவிட்டது. ஐரோப்பாவிலும் 2024 டிசம்பர் 28 முதல் புதுப் போன்களுக்கு டைப்-சி கட்டாயம். கேட்கும் வாடிக்கையாளர் ஆண்டுக்கு ஆண்டு குறைவார்.

பேட்டரியுள்ள விலை கூடிய ஆம்பிளிஃபையரில் மாதிரி ஒன்று மட்டும் வைத்து, கேட்பவருக்கு ஆர்டர் பேரில் தருவிக்கலாம். பேட்டரி அலமாரியில் கிடந்தே வயதாகும்.

300 ஓஹ்ம் போன்ற பெரிய ஹெட்போன் ஒன்றும், சாதாரண 32 ஓஹ்ம் ஹெட்போன் ஒன்றும் சோதனைக்கென்றே ஒதுக்குங்கள். வாடிக்கையாளர் தம் ஹெட்போனைக் கொண்டுவந்தால் அதிலேயே சோதிப்பது இன்னும் நல்லது.

ஆன்லைனில் விலை குறைத்து விற்பவரோடு விலையில் மட்டும் போட்டியிட்டு நம்மால் நிற்க முடியாது. ஆனால் அவர் காட்ட முடியாத ஒன்றை நாம் காட்டலாம். வாங்குமுன் சமமாக நிறுத்து, மறைத்து வைத்து, வாடிக்கையாளரின் சொந்தக் காதாலேயே தேர்ந்தெடுக்க வைப்பது அது. பத்துக்கு ஐந்து வாங்கியவர் விலை குறைந்ததை எடுத்துக்கொண்டு போவார். அன்றைக்கு நமக்கு லாபம் குறையும். அடுத்த முறை அவர் தம்பியையும் அழைத்துக்கொண்டு வருவார். பத்துக்கு ஒன்பது வாங்கியவர் விலை கூடியதைத் தயங்காமல் எடுப்பார், திருப்பித் தர வரமாட்டார்.

வள்ளுவர் வாணிகம் செய்வோருக்குச் சொன்னதையும், தராசின் நேர்மையைச் சொன்னதையும் நடுவு நிலைமை என்ற ஒரே அதிகாரத்தில்தான் வைத்திருக்கிறார். நெல்லுக்கும் பருப்புக்கும் நாம் பழகிய அந்த நேர்மையை ஓசைக்கும் கொண்டுவர ஒரு மீட்டரும் ஓர் அட்டையும் போதும். இந்த வாரமே கடையில் உள்ள இரண்டு டாங்கிள்களை எடுத்துச் சோதித்துப் பாருங்கள்.

வணிகம் வளர்க!